உன் ஓட்டைப் போட்ட பேனா

பீட்டர்ஹெட்,
செப்டம்பர் 18, 2014, மாலை.

என்னை நம்பாவிட்டாலும் என் அன்புக்குரிய கிரெகருக்கு,

நான் நலம், நாய் நலம், குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் உன் சமையலைச் சாப்பிடுகிறவர்களும் இன்னும் உயிரோடு இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் காதை நீட்டுவார்கள். அதனால்தான் கடிதம். அதுவும் ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் எழுதியாக வேண்டும். நாளைக்கு எழுதினால் ஜெயித்த திமிர் என்பாய், இல்லை தோற்ற எரிச்சல் என்பாய்.

மூன்று வாரத்துக்கு முன், உன் தம்பி ஈயனுக்கு வந்த தபாலை, பக்கத்து வீடுதானே என்று தபால்காரர் இங்கே போட்டுவிட்டார். தெரியாமல் பிரித்தேன் என்று சொல்லலாம். கெட்டில் ஆவியில் காட்டித்தான் பிரித்தேன். கடலில் இருக்கும் கிரெகருக்குப் பதிலாக அவர் தம்பி ஓட்டுப் போடுவார் என்று அச்சடித்திருந்தது. திரும்ப ஒட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஈயனிடம் கொடுத்தேன்.

இருபத்துநாலு வருஷமாக நீ கடலில் இருக்கும்போதெல்லாம் உன் ஓட்டைப் போட்டது யார்? உன் சாவி, உன் பொய்ப்பல், உன் அம்மாவின் மோதிரம் எல்லாம் என்னிடம். ஓட்டு மட்டும் தம்பியிடமா? போனில் இரண்டு தடவை கேட்டேன். “தபால்லயே போட்டுட்டேன், விடு” என்றாய். அன்றிலிருந்து உன் மற்ற பேச்சையெல்லாம்கூட முகர்ந்து பார்க்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும். நம் வீட்டு ஜன்னலில் இடது பக்கம் ‘தனி நாடு, ஆமாம்’ என்று உன் தாள், வலது பக்கம் ‘வேண்டாம்’ என்று என் தாள். நம் நாட்டுக்கு எது நல்லதென்று லண்டனில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்பாய். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் மகள் ரோனா எல்லைக்கு அந்தப் பக்கம் நியூகாசிலில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். பேத்தியைப் பார்க்கப் போகும் வழியில் எல்லைக்கோடும் காவலும் வந்துவிடுமோ என்பது என் பயம். ஜூன் மாதம் சண்டையில், “உன் ஓட்டு என் கையிலதான் வரும், அப்ப பாரு” என்று சொன்னேன். அது கிண்டல், கிரெகர். நான் எதைத்தான் கிண்டல் செய்யவில்லை?

இன்று காலை ஈயன் தபாலில் வந்த அந்தச் சீட்டோடு வந்தான். முதலில் இரண்டு கோப்பை தேநீரைக் குடித்து முடித்தான். அப்புறம், “எல்ஸ்பெத், நான் மனசு மாறிட்டேன். வேண்டாம்னுதான் போடப்போறேன். அவனோடதையும் அப்படியே குத்திட்டா என்ன? உனக்கும் சந்தோஷந்தானே?” என்றான்.

ஒரு நிமிஷம் அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் சட்டைக் கையைப் பிடித்துப் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே ஓட்டைக் குறிப்பதற்காகக் கயிற்றில் கட்டிய பென்சிலைப் பார்த்ததும், “பென்சிலா? அழிச்சுட்டு மாத்திப் போட்டுடுவானுங்க” என்று முரண்டு பிடித்தான். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சட்டைப்பையில் பேனாவோடு அலைகிறார்கள். என் பேனாவைக் கொடுத்தேன். “உன் தாள்ல கழுதை வேணாலும் வரை. அவன் தாள்ல அவன் சொன்னதைப் போடு” என்றேன். மேஜையில் இருந்த அதிகாரி, “அம்மா, இங்க பிரசாரம் கூடாது” என்று என்னை வெளியே அனுப்பினார். ‘வேண்டாம்’ கட்சிக்காரி உனக்காக வாங்கிக்கட்டிக்கொண்டது அது!

மறைப்புக்குப் பின்னால் போனவன் மீன்வலை பின்னுகிறவன்போல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே வந்தான். எதைப் போட்டாய் என்றால், “ரகசிய ஓட்டு, எல்ஸ்பெத்” என்று கண்ணடிக்கிறான். அந்தக் கண்ணை நான் நம்பவில்லை.

நான் இப்போது எழுதுகிற இதே பேனாதான் அது. உன் ஓட்டை எங்கே குறித்தாய் என்று அதனிடமே கேட்டுப் பார்த்தேன். உன் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டு அதுவும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

ஜன்னலில் உன் தாள் ஈரத்தில் உரிந்து தொங்கியது. பசை தடவி ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கோணல்தான்.

திரும்பி வரும்போது ஹெலிகாப்டரில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள். கடல் உன்னை முழுசாகத் திருப்பித் தரட்டும். அடுத்த தடவை எதற்கு ஓட்டு வந்தாலும், உனக்குப் பதிலாகப் போடுகிறவர் யார் என்று கேட்கும் தாளில் என் பெயரை எழுது. நீ சொன்னபடியே போடுவேன். இது கிண்டல் இல்லை.

உன்,
எல்ஸ்பெத்