பாலமா, சுரங்கமா

அன்புடன் உங்களுக்கு,

நீங்கள் போனில் அனுப்பிய இரண்டு வரிகளையும் படித்தேன். நீங்களும் நண்பர்களும் 'நம்மாள்' என்று கொண்டாடும் நடிகரின் பட டிஸ்குகள், போஸ்டர்கள் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வைக்க வேண்டும், ஊருக்கு வரும் உங்கள் அலுவலக நண்பர் வாங்கிக்கொள்வார். நானும் இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். 'சரி' என்று மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் அழித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நலம். லேபில் புது நுண்ணோக்கி வந்திருக்கிறது, கழுத்துவலி குறைந்திருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுவதும் நின்றுவிட்டது. டயர்க்கடை அண்ணன் வாஷர் மாற்றிக் கொடுத்தார். அவருக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போன அடுத்த ஞாயிறே, டயர்க்கடை அண்ணனும் பல் டாக்டரும் கணக்கு சாரும் சரியாக நான்கு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றினார்கள். உங்கள் நாற்காலியை மட்டும் காலியாக விட்டுவிட்டு, பாதியில் விட்ட சண்டையைத் தொடங்கினார்கள். நான் பதினைந்து வருடமாக அடுப்படியிலிருந்து கேட்ட அதே சண்டை. நம்மாளின் கார் துரத்தல்களில் எது உசத்தி? பாதி கட்டிய பாலத்தின் மேல் சிவப்புக் கார் தாவுகிறதே, அதுவா? விளக்கை அணைத்துவிட்டுச் சுரங்கப்பாதைக்குள் பதினோரு நிமிடம் ஓட்டுகிறாரே, அதுவா? நீங்களும் டாக்டரும் பாலம், மற்ற இருவரும் சுரங்கம். கடைசியில் கை தூக்குவீர்கள், இரண்டுக்கு இரண்டு என்று நோட்டில் எழுதுவீர்கள், கலைவீர்கள். இதற்கு வருடக்கணக்கில் டீ போட்டுக் கொடுத்தேனே என்று அப்போது எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அந்த முதல் ஞாயிறு கை தூக்கும் நேரம் வந்ததும் மூவரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கு சார், "அவர் வோட்டை நீங்க போடுங்க அண்ணி, இல்லாட்டி இன்னிக்கே தீர்ந்துடும்" என்றார். டீ டம்ளரோடு நின்றவள் அப்படியே கையைத் தூக்கினேன். பாலம். இரண்டுக்கு இரண்டு. அன்று முதல் நோட்டில் எழுதுவது நான்தான். ஒரு வருடத்துக்கு மேலாக எல்லாம் என் கையெழுத்து.

எட்டு மாதத்துக்கு முன் உங்கள் ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது. இனிக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் இதுவரை பதில் போடவில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிறு நான்கு மணிக்குள் அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். மூவரும் மரியாதை தெரிந்தவர்கள். நண்பன் இல்லாத வீட்டில், தனியாக இருக்கும் ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று வராமல் இருந்துவிடுவார்கள். வாரத்தில் மற்ற நாட்களில் லேபில் ரத்தம் எடுக்கையில் நான் பேசுவதெல்லாம் "கையை நீட்டுங்க, இறுக்கி மூடுங்க, அவ்வளவுதான்." வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. ஆகவே சொல்லவில்லை. "லீவு கெடைக்கலையாம்" என்றேன். பாலத்துக்குக் கை தூக்கினேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். படத்தைப் போட்டுப் பார்க்கக் கூடாது, ஞாபகத்திலிருந்துதான் பேச வேண்டும் என்பது உங்கள் விதி. போட்டுப் பார்த்தால் சண்டை முடிந்துவிடும் என்பீர்கள். காய்ச்சலில் லீவு போட்ட ஒரு மத்தியானம் பாலம் படத்தைப் போட்டேன். கார் தாவும் இடத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவளுக்கு அதற்கு மேல் என்ன வேலை? ஓட்டுவது நம்மாள்தான், கண்ணாடியில் முகம் தெரியுது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வீர்களே, அது அவர் முகம் இல்லை. யாரோ ஒருவர், விக் வைத்திருக்கிறார். காது மேல் அது தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதை டாக்டரிடம் சொல்ல மனம் வரவில்லை. பாவம், அவர் இன்னும் நம்புகிறார்.

மூன்று வாரம் முன்பு சண்டை கொஞ்சம் முற்றிவிட்டது. டயர்க்கடை அண்ணன், "சுரங்கத்துல அந்த ரப்பர் சத்தத்தை எடுத்தவன் தொழில் தெரிஞ்சவன்யா. உங்க பாலத்துல என்ன இருக்கு, தாவுது, விழுது, தவளைகூடத்தான் தாவும்" என்றார். டாக்டர் விடவில்லை. ஒருவழியாக வாக்கெடுப்புக்கு வந்தார்கள். நான் பாலம் என்று கை தூக்கியதும் அண்ணனுக்கு வேகம் வந்துவிட்டது. "அவன்தான் வரவே மாட்டேன்னுட்டானே, இன்னும் எதுக்கு அவன் வோட்டை எண்ணிக்கிட்டு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்கு சார் தரையைப் பார்த்தார். நீங்கள் டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னதும் எட்டு மாதத்துக்கு முன்புதானாம், அவர் மற்ற இருவருக்கும் சொல்லியிருக்கிறார். அந்த மாதத்திலிருந்துதான் அவர் "லீவு கெடைச்சுதா மேடம்" என்று கேட்பதை விட்டிருந்தார். நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன், பொய் சொல்லும் வேலை மிச்சம் என்று. தெரிந்தே மூவரும் முப்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வந்து, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் அதுதான் கடைசி ஞாயிறு என்றும் தோன்றியது.

அண்ணன்தான் முதலில் பேசினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "சரி தங்கச்சி. அவன் வோட்டு போகட்டும். உன் வோட்டு எது?"

யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. நீங்களும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நான் பாலமும் சொல்லவில்லை, சுரங்கமும் சொல்லவில்லை. காய்ச்சல் நாளில் அடுத்ததாகப் பார்த்த பழைய படம் ஒன்றைச் சொன்னேன். உங்கள் பட்டியலில் அது கிடையாது. துரத்தல் மூன்றே நிமிடம். துரத்தியவர்கள் வழி தவறி எங்கோ போய்விடுகிறார்கள். நம்மாளின் காரில் பெட்ரோல் தீர்ந்துவிடுகிறது. இறங்கி, ஜன்னல் வழியாக ஸ்டீரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வெட்டவெளிச் சாலையில் தனியாகக் காரைத் தள்ளிக்கொண்டு போகிறார். நான்கு முறை திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாரும் இல்லை. இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்க்கிறார்.

"அது சேஸே இல்ல தங்கச்சி, தள்ளுவண்டி" என்றார் அண்ணன். டாக்டர் சிரித்தே விட்டார். அப்படியானால் சுரங்கம் இரண்டு, பாலம் ஒன்று, தள்ளுவண்டி ஒன்று, சுரங்கம் ஜெயித்துவிட்டதே என்று எனக்குத் திக்கென்றது. கணக்கு சார் தலையாட்டினார். "நாலுல ரெண்டு பாதிதானே அண்ணி. ஜெயிக்கப் பாதிக்கு மேல வேணும். தீரலை. அடுத்த வாரம் பார்க்கலாம்." அடுத்த வாரம் வந்தார்கள். நேற்றும் வந்தார்கள். அண்ணன் இப்போது வாசலிலிருந்தே "தள்ளுவண்டிக் கட்சி இருக்கா?" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் நுழைகிறார்.

மற்ற ஆறு நாளும் எப்படி இருக்கின்றன என்று எழுதப் போவதில்லை.

டிஸ்குகளையும் போஸ்டர்களையும் கட்டி வைத்துவிட்டேன், உங்கள் நண்பர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நோட்டை மட்டும் கொடுக்க மாட்டேன். உங்கள் கையெழுத்துப் பக்கங்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன். அவர்கள் மூவரிடமும் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அப்படிச் சொன்னால் அவர்கள் வருவது வேறு மாதிரி ஆகிவிடும். இந்த ஒன்றை எனக்காகச் செய்யுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். புதுக் கார் வாங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் போனதும் உங்களுக்கு வண்டியில் ஒரு வேகம் வருமே, அது எனக்குத் தெரியும். அங்கே நிதானமாக ஓட்டுங்கள். பக்கத்தில் உட்காருகிறவரையும் மறக்காமல் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நலம் வேண்டும்,
நான்