இடக்காலுறை வராத பாசறைக்கு ஆரநங்கை மாதேவி விடுத்த ஓலை

மலை காக்க, மழை காக்க, மலைமேல் நிற்கும் மக்களைத் தெய்வம் யாவும் காக்க. வெண்குடுமி நாட்டின் முடியுடைத் தலைவியும், பனிச்சுனைகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் உரியவளும், கூர்ங்கோட்டை அரியணையில் வீற்றிருப்பவளுமாகிய ஆரநங்கை மாதேவி, வடகணவாய்ப் பாசறையின் தண்டநாயகர், பகைவர் புறங்கண்ட கொற்றன் பூதியார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும், உம் வீரர்க்கும், உம் பொதி சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கும் நலம் உண்டாகுக. எம் பட்டங்களில் இன்னும் சில உண்டு. இவ்வோலையில் அவற்றை எழுத எமக்குக் கை வரவில்லை.

கார்காலம் முடிந்த முதல் முழுநிலவில் இந்நகரில் கண்ணியேற்று விழா நடப்பதை நீர் அறிவீர். கணவாயில் நிற்கும் வீரர்க்கெனக் கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாக ஊசியில் ஏற்றி முதல் வரிசை பின்னும் பெண்டிர்க்கு முரசு முழங்கும், சங்கு ஒலிக்கும், பூ தூவப்படும், பாயசம் பரிமாறப்படும். கடைசிக் கண்ணியை அடைத்து, துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, தொங்கும் நூல் நுனிகளை உள்ளே செருகி முடிப்பவளுக்கு முரசும் இல்லை, பாயசமும் இல்லை. ஆகவே ஊரே ஆரம்பசூரர்களால் நிரம்பியது. விழா நாள் ஒன்று போதாதென்று, நல்ல நாள் பார்த்துப் பார்த்துப் புதிது புதிதாகத் தொடங்கினோம். அதில் முதலிடம் எமக்கே.

இன்னொரு வழக்கமும் இதனோடு சேர்ந்துகொண்டது. மங்கலம் கருதி எதையும் வலப்புறத்திலிருந்தே தொடங்குவோம். சட்டையென்றால் வலக்கை, காலுறையென்றால் வலக்கால். மிதியடியின் வார் நுழைவதற்காகப் பெருவிரலுக்குத் தனியறை விட்டுப் பின்னுவதால் நம் நாட்டுக் காலுறை கால் மாறி ஏறாது. வலது முடிவதற்குள் அடுத்த நல்ல நாள் வந்துவிடும். இடதைக் கூடையில் போட்டுவிட்டு வேறொரு வலதைத் தொடங்குவோம். சென்ற பனிக்காலத்துக்கு முன் யாம் பெருமையோடு உமக்கு அனுப்பிய பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் வலக்காலுறைகளும், ஒற்றைக் கைச் சட்டைகளும், கொக்கி ஊசியால் பின்னி உச்சி மூடாத குல்லாய்களுமே. மற்றவை பின்னால் வருமென்று சொல்லியனுப்பினோம். சொன்னதோடு சரி.

நீரோ நன்றி கூறி ஓலை விடுத்தீர். அரசியின் கைவண்ணம் கண்டு பாசறை மகிழ்ந்ததென்று எழுதியிருந்தீர். அதை அவையில் உரக்கப் படிக்கச் செய்து கேட்டு மகிழ்ந்தோம். இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது. உண்மை தெரிந்தபின், குறையைச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் உம்மீதுதான் சினம் வந்தது. அரசிக்கு விடுக்கும் ஓலையில் எந்தத் தண்டநாயகர் குறை எழுதுவார்? தப்பித்துக்கொள்ள யாம் தேடிய வழியே அச்சினம்.

உண்மையைக் கொணர்ந்தவர், பனி இளகத் தொடங்கியதும் பாசறையைப் பார்வையிட்டுத் திரும்பிய எம் அமைச்சர் திரையனார். வீரர் சிலர் சட்டைக் கையைக் காலில் மாட்டிக்கொண்டு காவல் நின்றதைக் கண்டு தாம் முதலில் சிரித்துவிட்டதாகவும், கூத்தன் அழிசி என்னும் காவல்வீரரின் இடக்காலைக் கண்டபின் அச்சிரிப்பு நின்றுபோனதாகவும் அவர் அவையில் உரைத்தார்.

அழிசியின் வலக்காலில் இருந்த காலுறையின் விளிம்பில் எம் மான் குறி இருந்ததாம். அது எம் கையால் பின்னியது. இடக்காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு அவர் பனிக்காலம் முழுதும் நின்றிருக்கிறார். தோழர் ஒருவர் தம் பழைய தோலுறையைக் கொடுத்தபோது, ஒன்றை அனுப்பிய தேவியார் மற்றொன்றை அனுப்பாமல் விடுவாரா, அது வரும் வேளையில் வேறொன்று காலில் கிடந்தால் நன்றாயிராது என்று மறுத்தாராம். அக்காலின் விரல்கள் பனியில் கருகின. மருத்துவர் அவற்றை எடுத்துவிட்டார். அமைச்சரிடம் அழிசி வேறெதையும் கேட்கவில்லை; தேவியார் நலமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டாராம்.

அவையில் யாரும் எம் முகத்தைப் பார்க்கவில்லை. யாமும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எம் அறைக்குச் சென்று கூடையைக் கவிழ்த்தோம். அடியிலே, ஊசியோடு, அந்த இடக்காலுறை கிடந்தது. கணுக்கால் அளவுகூட வளரவில்லை. அதன்மேல் புதிய வலதுகள் குவிந்திருந்தன. பூதியாரே, போரில் தோற்ற அரசர்க்குக்கூடத் தலை நிமிர ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். எமக்கு அதுவும் இல்லை. சோம்பலால் ஒருவர் காலைக் கெடுத்தோம்.

ஆகவே வரும் கண்ணியேற்று விழாவை நிறுத்தினோம். கூடைகளில் கிடப்பவை முடியும்வரை நாட்டில் எவரும் புதுக் கண்ணி ஏற்றலாகாதென்று பறையறைவித்தோம். எம் மாளிகையிலும் அமைச்சர் மனைவியர் இல்லங்களிலும் இப்போது அடைத்தலும் தைத்தலும் நுனி செருகலுமே நடக்கின்றன. இவ்வேலை சலிப்பூட்டுகிறது, மறைப்பானேன்? செருகிச் செருகிக் கண் பூத்துப்போகிறது. ஆயினும் எழுந்து போகத் துணிவில்லை. முடிந்தவற்றை இவ்வோலையோடு வரும் பொதிகளில் காண்பீர். இணை சேராத எதுவும் அவற்றில் இல்லை. யாமே எடுத்துப் பார்த்துக் கட்டினோம்.

இனி எம் ஆணை. வீரர் அனைவரும் கூடிய முற்றத்தில் இவ்வோலையை உரக்கப் படிப்பீராக. எம்மீதுள்ள மரியாதையால் ஒரு வரியையும் விழுங்க வேண்டா. அழிசி பணியில் தொடர்வதோ ஊர் திரும்புவதோ அவர் விருப்பம். எதுவாயினும் அவர்க்குரிய ஊதியம் குறையலாகாது.

அவருடைய இடக்காலுறை மட்டும் பொதியில் இல்லை. குதிகாலைத் தாண்டிப் பின்னிவிட்டோம். அதற்குமேல் எப்படிக் குறைத்து எங்கே அடைப்பதென்று தெரியவில்லை. பழக்கத்தால் கை தானாகவே பெருவிரலுக்கு அறை விடுகிறது, பார்த்ததும் பிரிக்கிறோம். அந்தக் காலைக் காணாமல் அதை முடிக்க இயலாது. அவர் இசைந்தால், ஊசியும் நூலுமாக யாமே கணவாய்க்கு ஏறி வந்து, அவர் எதிரில் அமர்ந்து, அளவெடுத்து முடித்துத் தருவோம். வர வேண்டா என்று அவர் சொன்னால், அச்சொல்லை மெருகேற்றாமல் அப்படியே எழுதி விடுப்பீராக.

கூர்ங்கோட்டையில், இளவேனில் வளர்பிறை நாளில், எழுத்தரை விலக்கி எம் கைப்பட எழுதி இலச்சினை இட்டோம். மேலே உள்ளவை அரசியின் ஆணை. அழிசியிடம் கேட்கச் சொன்னது மட்டும் ஆணையன்று, வேண்டுதல்.