தூசி என்று நான் கொட்டியது

1955 பிப்ரவரி 13, ஞாயிறு. காலை ஏழு மணி பத்து நிமிடம். எண்ணிக்கை: பதினொன்று.

குஞ்சுகள் பிறந்து ஒன்பது நாள். இருநூறுக்கு மேல் பிறந்தன, பதினொன்றுதான் மிச்சம். ஆனால் பதினொன்றும் உயிரோடு இருக்கின்றன. உன் மல்துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கையெல்லாம் பாசி நாற்றம். நீ வந்துபோனால் என் அம்மா மூக்கைச் சுளிப்பாளே, அதே நாற்றம். சோப்புப் போட மனம் வரவில்லை.

ராயபுரம் கரையில் உன் வலையில் சிக்கிய ஜோடிக் கடல்குதிரைகளைச் சொம்பில் கொண்டுவந்தாய். "இந்தா இஞ்சினீரு, உன் ஜாடியில வுட்டுப் பாரு." வேலையிடத்தில் கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடி ஜாடியை ஒரு வாரம் சோடா போட்டுக் கழுவி வைத்திருந்தேன். காற்றுக்கு டயர் டியூப். உப்பை அளக்க பேட்டரி அறையின் மிதவைமானி. நீ கொண்டுவரும் கடல்தண்ணீரை வடிகட்டியே ஊற்றினேன். எல்லாம் கணக்காக இருந்தது.

ஒரு மாலை ஆண்குதிரையின் வயிற்றுப்பை விரிந்தது. அது முன்னும் பின்னும் மடங்கி நிமிர, ஒவ்வொரு மடக்குக்கும் புகைபோல ஒரு கொத்துக் குஞ்சுகள் வெளியே வந்தன. அரிசி மணிகூட இல்லை. ஆனால் தலை, வால், நிமிர்ந்த முதுகு எல்லாம் முழுசாக இருந்தன. நீ அப்படியே தரையில் குந்திவிட்டாய்.

"டேய், ஆம்பளடா இது! ஆம்பள புள்ள பெத்துகினு கீறான்டா!" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்ல சொல்லிடாத. அடுத்தத நீயே பெத்துக்கன்னுடுவா" என்றாய்.

சிரித்தோம். நான் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை.

நான்காம் நாள் ஒரு குஞ்சுகூட உயிரோடு இல்லை. நேராக உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். உன் சம்சாரமும் தெருவும் கேட்க, "நீ கொண்டுவந்த தண்ணி கலீஜ்! நாலு மடிப்புத் துணியில் வடிகட்டியும் இந்தக் கதி" என்று கத்தினேன். மறுநாள் கட்டுமரத்தின் பின்னால் மல்துணியைப் பைபோலக் கட்டி இழுத்து, பிழிந்ததை ஒரு மூடியில் கொண்டுவந்தாய்.

"பூதக்கண்ணாடிய வெச்சிப் பாரு."

பார்த்தேன். மணல் துகள்போல நூற்றுக்கணக்கில், காலும் கொம்புமாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

"தூசின்னா ஏன்டா குதிக்குது? சோத்த வடிகட்டிக் கொட்டிட்டு கொயந்திங்கள பட்னி போட்டுகீறியே!"

கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் வாயில் வந்தது "பாக்கலாம்" என்ற ஒரே சொல். அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் நீ இல்லை.

போன மாதம் அந்த ஆண்குதிரைக்கு மறுபடி வயிறு பெருத்தபோது உன் சம்சாரம் அந்த மல்துணியோடு வந்தாள். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவரு காச்சல்ல கெடந்தப்பகூட, இஞ்சினீரு வூட்ல குஞ்சி போட்டா இத்த குட்துருன்னாரு. எட்த்துக்கண்ணா." தண்ணீரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவு நீரில் நின்றே துணியை இழுக்கிறேன்; கொஞ்சம்தான் கிடைக்கிறது. இன்று விடிந்ததும் அதை ஜாடியில் விட்டேன். ஒரு குஞ்சு நான் உள்ளே தொங்கவிட்ட நூலை வாலால் பற்றிக்கொண்டது. ஒரு கண் இப்படி, ஒரு கண் அப்படி உருண்டது. பிறகு இரண்டும் ஒரே துகளில் நின்றன. தலை சொடுக்கியது. துகளைக் காணோம். ஒன்பது நாள் வயது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பி உன்னிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

இனி செய்ய வேண்டியவை:

1. தண்ணீரை வடிகட்டுவதில்லை.

2. ஜாடியில் வற்றும் அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுவது. மானி பார்த்து.

3. நீச்சல் பழகுவது. பழகியதும் கட்டுமரத்தில் போய்த் துணி இழுப்பது.

4. சுண்டுவிரல் அளவு வளர்ந்ததும் பாதியை நீ ஜோடியைப் பிடித்த இடத்திலேயே விடுவது.

5. இன்று சாயங்காலம் உன் வீட்டு வாசலில் நின்று, உன் சம்சாரமும் தெருவும் கேட்க, அன்று கத்திய அதே சத்தத்தில் சொல்வது: அவன் தண்ணி சுத்தம். தப்பு என்னுடையது.