பத்து விரல், பத்துப் பேர்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் வலது ஆள்காட்டி விரல் நீங்கலாக. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய். எனக்கு முப்பத்தொன்பதுதான், பொறுமை வர இன்னும் வயதிருக்கிறது, அதனால்தான் கடிதம்.

"பக்கத்துப் பெரிய ஓட்டல் நம்ம லாட்ஜ் ஆளுங்களை இழுக்குதுன்னா நம்ம நிர்வாகம் சரியில்லைப்பா, முதல்ல வருகைப்பதிவை ஒழுங்கு பண்ணுங்க" என்று உன் நிர்வாகப் படிப்பைக் காட்டினாய் அல்லவா, உடனே விரல் ரேகை மெஷின் வாங்கி நானே சுவரில் மாட்டினேன், லாட்ஜ் வைக்குமுன் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது ஒரு வேலையா. மாட்டிய பிறகுதான் தெரிந்தது, நம் கடற்கரை லாட்ஜில் ரேகையுள்ள விரலே கிடையாது. சலவை அக்காவின் ரேகையைப் பதினோரு வருடச் சலவைச் சோடா தின்றுவிட்டது, சமையல் மாஸ்டருக்கு அடுப்புச் சூடு, படகுக்காரருக்குக் கயிறும் உப்புத் தண்ணீரும். யார் வைத்தாலும் "மீண்டும் முயலவும்" என்று ஒரு பெண் குரல். மாஸ்டர் அதனிடம் "நான்தாம்மா, நேத்தும் வந்தேனே" என்று கெஞ்சியதைக் கண்ணால் பார்த்தேன். வாங்கிய சாமானைச் சும்மா விடுகிற ஆளா நான்? என் பத்து விரலையும் பத்துப் பேராகப் பதிந்துவிட்டேன். வலது கட்டைவிரல் மாஸ்டர், ஆள்காட்டி விரல் சலவை அக்கா, இப்படி. தோட்டக்காரர் தினமும் ஒரு மணி நேரம் தாமதம், அதனால் இடது சுண்டுவிரலை மட்டும் எட்டு மணிக்கு வைத்தேன், நேர்மை வேண்டாமா. உன் அம்மா பார்த்துவிட்டு, "கால் விரலையும் வச்சா இன்னும் பத்துப் பேரை எடுக்கலாமே" என்றாள்.

போன வாரம் எட்டாம் நம்பர் அறை ஏ.சி.யைக் கழற்றும்போது அந்த ஆள்காட்டி விரல் வெட்டுப்பட்டு மூன்று தையல். கட்டுப் போட்ட விரலை மெஷின் ஏற்கவில்லை. நான்காம் நாள் காலை அது தானாகவே சலவை அக்கா போனுக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டது, சொல்லாமல் மூன்று நாள் வராததற்குக் காரணம் எழுதித் தரவும், தவறினால் பணிநீக்கம் என்று. அதைப் படிக்கும்போது அவர் கையில் ஈரப் போர்வை. மறுநாள் சீசன் ஆரம்பம், இருபத்திரண்டு அறைக்கும் ஆள் பதிவாகிவிட்டது. நேராக என்னிடம் வந்து, "நான் வரலைன்னா இவ்வளவையும் யாரு துவைச்சது, அலை வந்து துவைச்சுட்டுப் போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து ஓட்டல் நம்பரைத் தேட ஆரம்பித்தார். மாஸ்டர் ஏப்ரனை அவிழ்த்து, "அக்கா போனா நானும்" என்றார். இவர்கள் போனால் லாட்ஜை இழுத்து மூட வேண்டியதுதான். உண்மையைச் சொல்லி, கட்டுப் போட்ட விரலைக் காட்டி, "இதுதான்க்கா நீங்க" என்றேன். அக்கா விரலைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப வராதது நீங்கதான் தம்பி. அந்த மூணு நாளையும் நீங்களே துவைச்சுத் தீர்த்துடுங்க, அப்புறம் பேசலாம்" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். துவைத்தேன். கட்டுக்கு மட்டும் ரப்பர் உறை, மற்ற ஒன்பது விரலும் சோடாவில். முதலாளி எங்கே என்று கேட்ட விருந்தினருக்கெல்லாம் மாஸ்டர் சலவைக் கொட்டகையைக் கைகாட்டினார். "ஓரத்தை விட்டுட்டீங்க தம்பி" என்று அக்கா நாள் முழுக்க மேற்பார்வை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா எழுந்து என் கையிலிருந்து போர்வையை வாங்கி, "சரி, இப்பத்தான் வேலைக்கு வந்திருக்கேன்" என்றார். பக்கத்து ஓட்டலிலிருந்து மறுபடி கூப்பிட்டபோது, "இங்க முதலாளியைப் பழக்கி வச்சிருக்கேன், அங்க வந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். சோடாவில் ஊறிய என் ஒரு விரலையும் மெஷின் இப்போது ஏற்கவில்லை. ஒன்பது பேருக்கு நோட்டீஸ் கிளம்புவதற்குள் ஒயரைப் பிடுங்கினேன்.

நல்லபடியாக இரு, நன்றாகப் படி, ஆனால் படித்ததை என் மேல் சோதிக்காதே. விடுமுறைக்கு வரும் தேதியைச் சீக்கிரம் சொல். சலவையில் ஒரு கை குறைகிறது, உன் பெயரை அக்கா ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்.

ஆசிகளுடன்,
உன் அப்பா