இடது கைக்கு ஒரு கம்ப்யூட்டர்

மாப்ள,

நேற்று அவனியாபுரத்தில் ஒரு மண்டபத்தில் கச்சேரிக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருக்கும் பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "அண்ணே, சுருதிய ஒரு கட்டை இறக்கிக்கிருவமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உசிலம்பட்டிப் பக்கம் பைக் சரிந்து உன் இடது மணிக்கட்டு நொறுங்கியதே, அந்த வருஷம். மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் விரியவில்லை. கீபோர்டில் அடிநாதமான பேஸும், சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டும் வாசிக்க வேண்டிய கை அது. நீ வாசித்த கச்சேரிக் குழுவை நடத்திய அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனாலும் முகூர்த்த மாதம் நெருங்குகிறது, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார். சாயப்பட்டறைக்கே வந்துவிடு என்றார்கள் உன் வீட்டில். உன் அம்மா சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்ல, நீ தலையைக் குனிந்துகொண்டாய். வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு வாசிக்கத் தெரியாது. பரவையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன், அவ்வளவுதான். உன் கீபோர்டின் பின்பக்கம் 'மிடி' என்று எழுதிய, கம்ப்யூட்டரோடு பேசுகிற துளைகளைப் பார்த்துவிட்டு, இடது கை வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் இணைக்க உட்கார்ந்தோம். வயரில் 'இன்' என்றிருந்த முனையை 'இன்' துளையிலும், 'அவுட்' முனையை 'அவுட்' துளையிலும் பெயர்ப் பொருத்தம் பார்த்து மாட்டினோம். மதியம் வரை மூச்சே வரவில்லை. ஒன்று பேசினால் மற்றது கேட்க வேண்டும் என்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான் உறைத்தது. மாற்றி மாட்டியதும் ஒரு கீயைத் தொட்டால் இரண்டு சத்தம். கீபோர்டு தானாகப் போடுவது ஒன்று, கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புவது இன்னொன்று.

"ஒத்தக் கைக்காரனுக்கு இது நல்லதுதான மாப்ள," என்றாய். கை போன பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கீபோர்டின் சொந்தச் சத்தத்தை அடைக்கும் மெனுவைத் தேடிப் பிடித்தோம். அப்புறம் பேஸ், கார்டு, டிரம்ஸ் எல்லாவற்றையும் வலது கையாலேயே தனித்தனியாக வாசித்துப் பதிந்தாய்.

முதல் கச்சேரி பரவையில் ஒரு கல்யாண வரவேற்பு. இது சரிப்பட்டால் நீ இருக்கலாம், இல்லையென்றால் வேறு ஆள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். மேடையேறிய பிறகு பாடகர் ஒரு கட்டை இறக்கச் சொன்னார். நான் எல்லா டிராக்கையும் மொத்தமாக இறக்கிவிட்டேன். டிரம்ஸில் ஒவ்வொரு கீயும் ஒரு கருவி. இறக்கினால் சுருதி இறங்காது, கருவிதான் மாறும் என்று யாருக்குத் தெரியும்? பேஸ் டிரம் விழவேண்டிய இடமெல்லாம் டிங் டிங்கென்று மணி. முன்வரிசையில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் உன்னை முறைத்தார். உன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

நீ அசரவில்லை. "நிறுத்தாத. டிரம்ஸ மட்டும் மேல ஏத்து, அதுவரைக்கும் நான் ஓட்டுறேன்," என்றாய். ஷெனாய் சத்தத்தை எடுத்து, அந்த மணிக்கே பொருந்துகிற மாதிரி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதுபோல் வாசித்தாய். நான் சரிசெய்ததும் பாட்டுக்குள் நுழைந்தாய். எல்லாம் முன்கூட்டியே செய்த ஏற்பாடு என்று நினைத்து ஜனம் கைதட்டியது.

அண்ணன் பாராட்டவெல்லாம் இல்லை. சாமான் ஏற்றும்போது, "அடுத்த வாரம் உசிலம்பட்டி. ரெண்டு பேரும் வந்துருங்க," என்றார். அதற்கப்புறம் எத்தனை மேடை!

கீபோர்டுகள் மாறிவிட்டன. ஆனால் நாம் பதிந்து வைத்தது சத்தத்தை அல்லவே. எந்தக் கீ, எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தி என்பதைத்தானே. புதுக் கீபோர்டிலும் உன் விரல்தான் விழுகிறது. நேற்று உன் பதிவில் டிரம்ஸை விட்டுவிட்டு மற்றதை இறக்கி ஓடவிட்டேன். அந்தப் பெண் காது கொடுத்துக் கேட்டாள்.

"அண்ணே, பேஸ் கொஞ்சம் தாளத்துக்குப் பின்னால இழுத்து வருதே. கம்ப்யூட்டர்லயே நேராக்கிறலாமா?"

"வேணாம்மா," என்றேன். "அவன் அப்படித்தான் வாசிப்பான்."

மேடையில் அவள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நூலளவு உனக்காகக் காத்திருந்து பாடினாள்.