ராக்காயி பிரித்துப் போட்ட சாய்ப்பு

அட்டன்
19 ஜூன் 1964, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நஜீமுக்கு உன் உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் நானும் தங்கச்சி ரம்லாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே மழை பிடித்தது விட்டபாடில்லை, கடையில் துணிக்கட்டெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது என்று வாப்பா ஒரே புலம்பல். ரம்லாவுக்குத் தலவாக்கலையிலிருந்து ஒரு கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது, ஆட்கள் நல்ல மாதிரி, விவரம் வாப்பா எழுதுவார். என் முழங்கால் வலி பரவாயில்லை. இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன், வாசிக்கும்போது சிநேகிதர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே.

நீ வரைந்து அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. மார்ச் மாதம் நீயும் உன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் நம் வீட்டில் தங்கி, டவுனையெல்லாம் சுற்றி அளந்து, அட்டனைப் புதிதாகக் கட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்ததற்கு வகுப்பில் முதல் பரிசு கிடைத்தது என்று எழுதியிருந்தாய். வாப்பா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்ட வேண்டும் என்று குதித்தார். எனக்கோ அதைக் கையால் தொடவே கூசியது. ஏன் என்று சொல்கிறேன் கேள்.

ராக்காயி யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் வீட்டுக் கக்கூஸ் வாளியைத் தினமும் சுமந்து போகிறவள். போன வாரம் பின்வாசலில் நின்று விடாமல் இருமினாள், சேலையெல்லாம் புகை நாற்றம். என்னடி என்று கேட்டேன். பின்னால அடுப்பு வச்சிருந்த சாய்ப்பப் பிரிச்சாச்சுங்கம்மா, இப்ப காம்பராவுக்குள்ளதான் அடுப்பு எரியுது, மக அழகம்மாவோட புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம் என்றாள். இந்த மழையில் யாராவது சாய்ப்பைப் பிரிப்பார்களா என்று கேட்டதற்குச் சிரிக்கிறாள் மகன், சிரிக்கிறாள். புது வீடு வருதுல்லங்கம்மா, சின்ன மொதலாளி சொல்லுச்சுங்களே என்றாள்.

அப்புறம்தான் எல்லாம் வந்தது. நீங்கள் அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோது பின்சுவரை அளக்கவும் போட்டோ பிடிக்கவும் அவளுடைய தகரச் சாய்ப்பு குறுக்கே நின்றதாம். அரசாங்கம் உங்களுக்கெல்லாம் புது வீடு கட்டப்போகிறது, இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், பிரித்துப் போடுங்கள் என்று நீ சொன்னாயாம். அவள் கேட்டிருக்கிறாள், எங்களுக்குத்தான் பிரஜாவுரிமை இல்லீங்களே தம்பி, எங்களுக்கும் குடுப்பாங்களா என்று. அதெல்லாம் பார்க்க மாட்டார்கள், முதல் வீடே உனக்குத்தான் என்று நீ சொல்லியிருக்கிறாய். அன்றைக்கே சனங்கள் சந்தோஷமாகக் கூடி நின்று பிரித்தார்களாம். அந்தப் பலகையெல்லாம் அடுப்பில் எரிந்து முடிந்தது. எப்பங்கம்மா வீடு வரும், தம்பிக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேளுங்க என்று என்னிடமே கேட்கிறாள்.

நான் அன்றைக்கே குடையை எடுத்துக்கொண்டு ரம்லாவோடு அந்த லயத்துக்குப் போனேன். காம்பரா என்று பேர், ஒரே அறை, அதற்குள் அடுப்பு, ஈர விறகு, கண்ணைத் திறக்க முடியாத புகை. மூலையில் அந்தக் குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. வாசலில் வாளிகள், சாக்கடைத் தண்ணீர் நிலைப்படி வரைக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனால் மகன், அந்த நாற்றம் வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விட்டது. நீ சொன்ன பேச்சின் நாற்றம் இன்னும் போகவில்லை.

அப்போதுகூட என் மனது உனக்காக வாதாடியது. ஒருவேளை பிள்ளை படத்தில் அவர்களுக்கு நல்ல வீடு வரைந்திருப்பான், அதை மேலிடத்தில் காட்டுவார்கள் என்று நம்பித்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். மறுநாள் படம் வந்தது. கடைவீதி, பஸ் நிலையம், மரங்கள், பூந்தோட்டம் எல்லாம் இருக்கிறது. அந்த லயம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு கோடாகப் போட்டிருக்கிறாய், அங்கே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று ரம்லாவிடம் கேட்டேன். கார் நிறுத்தும் இடமாம். சீ! கடதாசியில்கூட அந்த மனுசிக்கு ஓர் அறை வரைய உனக்கு மனம் வரவில்லை. வழியை விட்டு விலகச் சொல்ல ஒரு பொய், அவ்வளவுதான். அதற்குப் பரிசு வேறு. நான் பெற்ற பிள்ளையை நினைத்து எனக்கு அருவருப்பு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

வாப்பா, சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகச் சொன்னது, விடு ஹலீமா என்றார். நீங்கள் ஒருதரம் அந்தக் காம்பராவில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். கடைக்குப் போனவர், அங்கே வேலை செய்யும் முனாபிடம் தகரமும் மரமும் கொடுத்தனுப்பினார். சாய்ப்பு மறுபடி நிற்கிறது. படத்தை மாட்டும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் உண்மையை யார் சொல்வது? நான்தான் போனேன். வீடும் இல்லை ஒன்றும் இல்லை ராக்காயி, அது பள்ளிக்கூடப் பாடத்துக்கு வரைந்த படம் என்றேன். அவள் புதுத் தகரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அப்புறம், விடுங்கம்மா, படிக்கிற புள்ள, பெரியவுங்க யாராச்சும் தம்பிய ஏமாத்தியிருப்பாங்க, நீங்க அதத் திட்டாதீங்க என்றாள். உனக்காகப் பரிந்து பேசுகிறாள் மகன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழகம்மா அப்படியில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, எங்களப் பாத்தா அவுங்களுக்கு அம்புட்டு எளக்காரமாம்மா என்று கேட்டாள். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை.

மீலாது லீவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வா. சிநேகிதர்களும் கமராவும் வேண்டாம். ரயிலை விட்டு இறங்கியதும் நேரே அந்த லயத்துக்குப் போ, அழகம்மா முன்னால் நின்று பதில் சொல்லு, அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வா. சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ராத்திரியில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுத்துக்கொள்ளாதே, உனக்குச் சளி பிடிக்கும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், அடுத்தவர் வலியை அறிகிற மனதும் தரட்டும்.

பதில் கடிதம் எழுத வேண்டாம், ஆளாக வந்தால் போதும்.

உன் உம்மா,
ஹலீமா