இருதயராஜின் குரல், நான்கு டிராக்குகளில்

நாள் 211. காலை 09:40
செவ்வாய், நிலத்தடி நீர் ஆய்வு நிலையம். எழுதுவது தாட்சாயணி, இயந்திரப் பராமரிப்பு. இங்கே இருப்பது இரண்டே பேர். மற்றவர் இருதயராஜ், துளைப்பொறியாளர், தூத்துக்குடிக்காரர். ஆக்சிஜன் இயந்திரம் சீராக ஓடுகிறது. நீர் 94 சதவீதம்.
ஓய்வு நேரத்தில் பாட்டு வேலை. அவர் மனைவி பிலோமினாவின் பிறந்தநாளுக்கு. இங்கே வருமுன் நான் ஐந்து வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவள். துளைக்கருவியின் தட்டலில் இரண்டு நொடி வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கினேன். அதுதான் தாளம். மேலே அவர் குரல். ஒலி எங்கே ஏற வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று திரையில் கோடு வரைந்துவிட்டால் மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அவருக்குச் சுருதி நிற்காது. அதற்கும் ஒரு கோடு.

நாள் 219. பிற்பகல் 14:05
அழுத்தக் கலன் வெடித்தது. 11:20க்கு இருதயராஜ் இறந்துவிட்டார். நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவைத் திறக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஆக்சிஜன் இயந்திரத்தில் பாதி போய்விட்டது. பூமிக்குத் தகவல் அனுப்பினேன்.

நாள் 220. காலை 10:15
கட்டுப்பாட்டு மைய இயக்குநர் சேஷகிரியிடமிருந்து: "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அடுத்த குழு கிளம்ப இருபது நாள்தான் இருக்கு. இப்ப இது வெளியே தெரிஞ்சா பயணமே நின்னுடும். உங்களைக் கூட்டிட்டு வர வேற வழி இல்ல. அவர் பேசின பழைய பதிவுகள் உங்ககிட்ட இருக்குல்ல? வீட்டுக்குத் தினம் ஒரு நிமிஷம் போகட்டும்."
உங்களைக் கூட்டிட்டு வர. அதற்குத்தான் மடங்கினேன்.

நாள் 222. மாலை 16:30
அவர் பழைய பதிவுகளை நான்கு டிராக்காக, நான்கு ஒலி அடுக்காகப் பிரித்தேன். ஒன்றில் நலம் விசாரிப்பு. ஒன்றில் சாப்பாடு, வேலை. மூன்றாவதில் சிரிப்பு. நான்காவதில் வெறும் மூச்சு. அது இல்லாமல் மனிதன் பேசுகிற மாதிரி இருக்காது. ஒரே வரிசை திரும்ப வராமல் லூப்புகளை மாற்றி மாற்றி அடுக்க விதி எழுதினேன். இனி நான் கை வைக்க வேண்டியதில்லை. குரலும் விதியும் சேர்ந்த அந்தக் கோப்பில் மையம் ஒரு பிரதி கேட்டது. கொடுத்தேன்.
நன்றாக வந்திருக்கிறது. அதுதான் அசிங்கம்.

நாள் 231. காலை 08:50
பிலோமினாவிடமிருந்து, அவருக்கு: "ஏங்க, நாலு நாளா பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு இருக்கேன்லா. எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க. சிரிக்கிறீங்க."
காய்ச்சல் என்ற சொல் அவர் பதிவுகளில் எங்குமே இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நாள் 232. காலை 09:10
எல்லா டிராக்கையும் அழித்தேன். பிலோமினாவுக்கு அனுப்பியது: "நான் தாட்சாயணி. அவர் போய்ப் பதிமூணு நாள் ஆச்சும்மா. பேசினது அவர் இல்ல. நான் வெட்டி ஒட்டினது. என்னை மன்னிக்க வேண்டாம்."

நாள் 236. பகல் 12:00
சேஷகிரி: "நீங்க அனுப்பினதை நிறுத்தி வெச்சிருக்கோம். தனியா இருக்கீங்க, மனசு சரியில்லாம இருக்கும். ஓய்வு எடுங்க. இனிமே தொடர்பை நாங்க பார்த்துக்கறோம்."
நான் கொடுத்த பிரதியிலிருந்து அவர் குரல் இன்னும் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

நாள் 241. 15:20
ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. கலன்களில் இருப்பது 31 சதவீதம். மையத்துக்கு ஏழு முறை சொன்னேன். வந்த பதில் ஒரே வரி: பயணம் ஒத்திவைப்பு.
தலைவலி. திரையில் எழுத்து அலைகிறது.

நாள் 247. நேரம் பார்க்கவில்லை
தம்பி குமரவேலிடமிருந்து: "அக்கா, நேத்து நீ பேசினதைக் கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிட்டாங்க. மிஷின் சரியாயிடுச்சுன்னு நீயே சொல்லிட்ட, இனி எங்களுக்கென்ன கவலை. தினமும் இப்படியே பேசுக்கா."
ஆறு நாளாக நான் வாயே திறக்கவில்லை. காற்றை மிச்சம் பிடிக்க